பழைய பேப்பர்காரரும் வேண்டாம் என்று விட்டுப்போனவை: வீட்டில் தேங்கும் சாமான்களைக் கழிக்க ஒரு முழு வழிகாட்டி

அப்பா தவறிய பிறகு நங்கநல்லூர் வீட்டைக் காலி செய்தோம். பழைய பேப்பர்காரர் ட்ரைசைக்கிளில் மூன்று நடை அடித்தார். பேப்பர், இரும்பு, பால் கவர், பிளாஸ்டிக் குடம், உடைந்த குத்துவிளக்கின் அடிப்பாகம் எல்லாம் போயிற்று. காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, கூடத்தில் மீந்து கிடந்ததை ஒரு பார்வை பார்த்தார். "இதெல்லாம் எடைக்கே ஆகாது சார்" என்றவர், போகும்போது திரும்பி, "அந்த இன்வெர்ட்டர் பேட்டரியும் டிவியும் மட்டும் கொடுங்க, நல்ல ரேட் போட்டுத் தர்றேன்" என்றார்.

நான் கொடுக்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் அன்றைக்குப் புரிந்தது இதுதான்: கழிக்க முடியாத சாமான் என்பது இரண்டு வகை. ஒன்று, யாருமே வாங்க மாட்டேன் என்பது. மெத்தை, தெர்மோகோல், டியூப் லைட், மருந்து, சாமி படம் எல்லாம் இந்த வகை. இன்னொன்று, வாங்கப் பலர் துடிப்பது, ஆனால் அவர்கள் கையில் கொடுக்கக் கூடாதது. முதல் வகை நமக்குத் தலைவலி. இரண்டாவது வகை வேறு யாருக்கோ தலைவலி, நமக்குத் தெரியாமலே.

எனக்குப் பழக்கம் சென்னைதான். மற்ற ஊர்களில் தொலைபேசி எண்ணும் வண்டி வரும் கிழமையும் மாறும், செய்முறை பெரிதாக மாறாது.

முதல் படி: பிரிப்பதற்கு முன் ஒரு பழைய பெயிண்ட் வாளி

வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகப் பிரிப்பது பலருக்கும் பழகிவிட்டது. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே மூன்றாவதாக ஒன்று இருந்தது: வீட்டு அபாயக் கழிவு. பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சி.எஃப்.எல். பல்பு, டியூப் லைட், காலாவதியான மருந்து, உடைந்த தெர்மாமீட்டர், பேட்டரி, ஊசி எல்லாம் அதில் அடங்கும். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின், டயப்பர் போன்ற சானிட்டரி குப்பை, அப்புறம் தனிக் கவனம் தேவைப்படும் குப்பை.

அந்த நான்காவதற்குத்தான் வாளி. மூடி இறுக்கமாக இருக்கும் பழைய பெயிண்ட் வாளி ஒன்றைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், வெயில் படாமல் வையுங்கள். பேட்டரி, பல்பு, பூச்சிமருந்து டப்பா, காலாவதி மாத்திரை என்று சேரச் சேர அதில் போடலாம். வாரா வாரம் கொடுக்க வேண்டிய சமாசாரம் இல்லை இது. எங்கள் வீட்டில் வாளி நிறைய எட்டு மாதம் ஆகிறது. பேட்டரியில் ஓடும் குப்பை வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். மேலே மார்க்கரில் எழுதினாலும் நல்லது. வாளியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

நாப்கின், டயப்பர் பற்றி ஒரே வரி: செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுங்கள். பிரித்துப் பார்க்காமலே என்னவென்று தெரிய வேண்டும்.

ஊசியும் மருந்தும்

அப்பாவுக்குப் பதினோரு வருடம் இன்சுலின். பென் ஊசியைப் போட்டு முடித்ததும் மூடியைச் செருகி சாதாரணக் குப்பைப் பையில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலை குப்பை வண்டியில் வந்த தூய்மைப் பணியாளர் அம்மா எங்கள் பையை வாங்கிக் கீழே அழுத்தினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். கையுறை இருந்தும் பெருவிரலில் ஒரு பொட்டு ரத்தம். மூடி எப்போதோ கழன்றிருக்கிறது. அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி என்று முடித்து வர மதியம் ஆயிற்று. அவர் திட்டவில்லை. "ஐயாவுக்கு சக்கரைதானே, வேற ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். நேராகத் திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு செய்தது: துணி துவைக்கும் லிக்விட் வருமே, கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில், அதைக் காலி செய்து வைத்துக்கொண்டோம். தண்ணீர் பாட்டில் கூடாது, ஊசி குத்தி வெளியே வந்துவிடும். ஊசியைக் கழற்றி நேராக அதற்குள் போட வேண்டும். மூடியைத் திரும்பச் செருகப் பார்க்க வேண்டாம், விரலில் குத்திக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியைத் திருகி, டேப் சுற்றி, 'ஊசி' என்று எழுதினோம். வழக்கமாக ரத்தம் எடுக்கும் லேப்பிலோ பார்க்கும் கிளினிக்கிலோ கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய மருத்துவக் கழிவை எடுக்கத் தனி வண்டி வருகிறது, தெரிந்தவர்கள் என்றால் நம்முடையதையும் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் நான்காவது வாளியோடு சேர்த்து, சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான்.

மீந்த மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடுவதுதான் பலர் வழக்கம். ஆண்டிபயாடிக் அப்படிக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் போனால், அதற்கு அசராத கிருமிகள் அங்கே வளரும். விதிவிலக்கு உண்டு. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் போன்ற கடுமையான வலி மருந்துகள் வீட்டில் யார் கையிலாவது கிடைத்தால் உயிருக்கே ஆபத்து. 2025-ல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படிப் பதினேழு மருந்துகளைப் பட்டியல் போட்டு, அவற்றை மட்டும் கழிப்பறையில் கொட்டிவிடச் சொன்னது. புற்றுநோயாளி இருந்த வீடுகளில் இந்தப் பட்டியலைப் பார்ப்பது அவசியம்.

மற்றதற்கெல்லாம்: மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பயன்படுத்திய காபித்தூள் சக்கையோடு பிசைந்து, ஒரு கவரில் கட்டி வாளியில் போடுங்கள். சக்கை எதற்கென்றால், குப்பை மேட்டில் யாராவது எடுத்துப் பார்த்தால் மாத்திரை என்று தோன்றக் கூடாது. சிரப்பையும் சக்கையில் ஊற்றிவிடலாம். கேரளத்தில் 2025-ல் கோழிக்கோட்டிலிருந்து தொடங்கி, மீந்த மருந்தை அரசே திருப்பி வாங்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. நம் ஊருக்கும் வந்தால் இந்தக் காபித்தூள் வேலை மிச்சம்.

பாதரசம் உள்ளவை

டியூப் லைட், சி.எஃப்.எல். இரண்டிலும் பாதரசம் சில மில்லிகிராம்தான். முழுசாக இருக்கும்வரை பயமில்லை. புது பல்பு வந்த அட்டையிலேயே பழையதைச் செருகி வைத்துவிடுங்கள். எல்.இ.டி.யில் பாதரசம் கிடையாது, அது சாதாரண மின்கழிவு.

உடைந்துவிட்டதா? ஃபேனை நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் பதினைந்து நிமிடம் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். துடைப்பம் எடுக்காதீர்கள், பொடி பறக்கும். கெட்டியான அட்டை இரண்டால் வாரி, மீதிப் பொடியை அகல டேப்பால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் போடுங்கள்.

தெர்மாமீட்டர் விஷயம் வேறு. ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது கிட்டத்தட்ட ஒரு கிராம், அதாவது பல்பில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல். அம்மாவின் பீரோவில் ஒன்று இருந்தது. எடுக்கும்போதே கை நழுவி மொசைக் தரையில் விழுந்து, வெள்ளி மணிகளாக ஓடியது. முதலில் செய்ய வேண்டியது, மோதிரம் வளையலைக் கழற்றி வைப்பது. பாதரசம் தங்கத்தில் பட்டால் ஒட்டிக்கொண்டு வெள்ளையாக்கிவிடும். அப்புறம் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாத சின்ன மணிகூட மின்னும். சீட்டுக்கட்டு அட்டை இரண்டால் தள்ளித் தள்ளி ஒன்றாக்கி, சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் உள்ள சின்ன பாட்டிலில் விட்டு இறுக மூடினேன். ஆவி மேலே வராமல் இருக்கத்தான் தண்ணீர். கையில் எடுத்து விளையாடுவது நாம் சின்ன வயதில் செய்ததுதான். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டும் பாதரசம் கலந்த அந்த மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது என்று தெரிந்த பிறகு அந்த விளையாட்டு இனிப்பதில்லை.

பேட்டரி

இப்போது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வருவோம். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். பழைய சாமான் கடைக்காரர் நல்ல ரேட் தருவது அதனால்தான். அங்கிருந்து அது அங்கீகாரம் பெற்ற உருக்காலைக்கும் போகலாம், ஏதோ ஒரு கொல்லைப்புறத்தில் ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு அடுப்பில் உருக்குகிறவர் கைக்கும் போகலாம். அந்தப் புகையைச் சுவாசிக்கிற குழந்தைகளுக்கு ஈயம் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். 2022-ல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. நீங்கள் செய்ய வேண்டியது சுலபம்: புதுசு வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழிக்கச் சொல்லுங்கள். புதுசு வாங்கவில்லையென்றாலும் அந்த பிராண்டின் டீலர் எடுத்துக்கொள்வார், பணம் கொஞ்சம் குறையும். வீட்டில் ஆசிட்டை வடிக்க வேண்டாம். சாய்க்காமல், நிமிர்ந்தபடியே கொண்டுபோங்கள்.

செல்போன், பவர் பேங்க், லேப்டாப் பேட்டரி எல்லாம் லித்தியம். இவை குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். இரண்டு முனையிலும் செல்லோடேப் ஒட்டி வாளியில் போடுங்கள். வீங்கிப்போன பேட்டரி மட்டும் வாளிக்குள் போகக் கூடாது. சார்ஜ் போடாமல், குத்தாமல், மணல் போட்ட பழைய பிஸ்கட் டின்னில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு, சீக்கிரமே சர்வீஸ் சென்டரில் சேர்த்துவிடுங்கள். கைக்கடிகாரம், ரிமோட்டில் வரும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துபோகும். தீர்ந்துபோனதிலும் அதற்கான சக்தி மிச்சம் இருக்கும். கழற்றிய அந்த நிமிஷமே இரண்டு பக்கமும் டேப்.

டிவி, ஃபிரிட்ஜ், மற்ற மின்சாமான்கள்

2006-ல் தொடங்கி தமிழ்நாட்டு அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல். எல்லாமே பெரிய வயிறு வைத்த பழைய மாடல் குழாய் டிவி. இன்றைக்கும் எத்தனையோ வீட்டுப் பரணில் துணி போர்த்திக் கிடக்கின்றன. பழைய சாமான்காரருக்கு அதில் வேண்டியது, குழாயின் கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி மட்டும். அதைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடியை உடைத்து ஏதாவது காலி மனையில் தள்ளிவிடுவார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. எங்கள் வீட்டு டிவியை அவரிடம் கொடுக்காததற்கு அதுதான் காரணம்.

எங்கே கொடுப்பது? ஓடுகிற நிலையில் இருந்தால் முதலில் யாருக்காவது கொடுத்துவிடப் பாருங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விலை போகாத பொருளே இல்லை. பழுதுதான் என்றால் ரிச்சி தெருவில் ஒருமுறை காட்டலாம். உயிரே இல்லையென்றால், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த மின்கழிவு மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியலை வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். ஆலை எங்கோ ஊருக்கு வெளியேதான் இருக்கும். அபார்ட்மென்டில் பத்து வீடு சேர்ந்து ஒரு வண்டி நிறையச் சேர்த்தால் அவர்களே வந்து எடுக்க வாய்ப்பு அதிகம். ஒற்றை மிக்ஸிக்காக யாரும் வர மாட்டார்கள், அதைக் குறை சொல்லியும் பயனில்லை.

ஃபிரிட்ஜ், ஏசியை வாசலில் வைத்து எடை போடுகிறவர்களிடம் கொடுத்தால் முதல் வேலையாகக் குழாயை வெட்டுவார்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று வெளியேறும் அந்த வாயு, பல மாடல்களில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது, பழையது எங்கே போகிறது என்று கடையில் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் தயாரிப்பாளரின் கட்டணமில்லா எண்ணில் மின்கழிவு என்று சொல்லிப் பதிவு செய்யலாம். போன், கணினி எதுவானாலும் கொடுக்கும் முன் உள்ளிருப்பதை அழித்து, சிம்மையும் கார்டையும் எடுத்துவிடுங்கள். ஓடாத ஹார்ட் டிஸ்க்கை ஆணி அடித்துத் துளைத்துவிட்டுக் கொடுத்தேன்.

மெத்தை, சோபா, அப்புறம் போகி

இலவம்பஞ்சு மெத்தைக்கு மரணமே கிடையாது. பஞ்சு அடிக்கிறவரைக் கூப்பிட்டால் பிரித்து, அடித்து, புது உறையில் தைத்துத் தந்துவிடுவார். ஃபோம் மெத்தைதான் யாருக்கும் வேண்டாதது. 2025 அக்டோபரிலிருந்து சென்னை மாநகராட்சி சனிக்கிழமைகளில் பழைய சோபா, கட்டில், மெத்தை, துணி, மின்சாமான்களை இலவசமாக வீட்டுக்கே வந்து எடுக்கிறது. 1913-க்குப் போன் செய்யலாம், இல்லையென்றால் நம்ம சென்னை செயலியில் பதிவு செய்யலாம். இரண்டு நாள் முன்னாலேயே பதிவு செய்து, சனிக்கிழமை காலை சாமானைத் தரைத்தளத்துக்கு இறக்கி வைத்துவிடுங்கள். மூன்றாவது மாடியிலிருந்து இறக்குவது அவர்கள் வேலை இல்லை. மழை வந்தால் தார்பாய் போர்த்துங்கள். நனைந்த மெத்தையைத் தூக்க நாலு பேர் வேண்டும்.

போகி வரட்டும், கொளுத்திவிடலாம் என்று வைத்திருக்கிறவர்களுக்கு: அந்தக் காலப் போகியில் எரிந்தது கோரைப்பாய், விளக்குமாறு, ஓலை. ஃபோமும் ரெக்சினும் டயரும் எரித்தால் வருவது விஷப்புகை. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்கள் திருப்பிவிடப்பட்டன. ஒவ்வொரு ஜனவரியும் போகிக்கு முந்தைய நாட்களில் மாநகராட்சி பழைய டயர், துணி, பிளாஸ்டிக்கைத் தனியாகச் சேகரிக்கிறது. அதில் கொடுத்துவிட்டு, மேளம் கொட்டி ஒரு பழம்பாயை மட்டும் எரித்தாலும் போகி போகிதான்.

எடையே இல்லாதவை

தெர்மோகோலில் இருப்பது பெரும்பாலும் காற்று. ஒரு மூட்டை சேர்த்தாலும் தராசு முள் அசையாது, அதனால்தான் யாரும் வாங்குவதில்லை. உடைக்காமல் கட்டி உலர் குப்பையில் தனியாகக் கொடுங்கள். உடைத்தால் அந்த உருண்டைகள் மழைநீர் வடிகாலுக்குத்தான் போகும். பெரிய டிவி, வாஷிங் மெஷின் வாங்கும்போது, பிரித்து மாட்ட வருகிறவரிடமே தெர்மோகோலைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்வதுதான் ஆகச் சுலபம். கேட்டால் பாதிப் பேர் எடுத்துப்போகிறார்கள்.

உள்ளே வெள்ளியாகப் பளபளக்கும் சிப்ஸ், பிஸ்கட் கவர்கள் மறுசுழற்சிக்கு ஆகாது. பல அடுக்குகளை ஒட்டிச் செய்தவை அவை. ஆனால் காய்ந்து சுத்தமாக இருந்தால் சிமென்ட் ஆலை எரிபொருளாகப் பயன்படும். பெருங்குடிக் குப்பை மேட்டைத் தோண்டிப் பிரித்தபோது கிடைத்த பிளாஸ்டிக், அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குத்தான் போயிற்று. ஆக, கவரை உதறி, மடித்து, உலர் குப்பையில் போடுங்கள். சாம்பார் வடியும் பார்சல் கவரை எரிக்கக்கூட முடியாது.

எண்ணெய், பெயிண்ட், சிலிண்டர்

பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆறியதும் பாட்டிலில் சேர்த்து வையுங்கள், கொஞ்சமாக இருந்தால் செய்தித்தாளில் ஒற்றிவிடுங்கள். மீந்த பெயிண்டில் மணலோ மரத்தூளோ கலந்து, காற்றோட்டமான இடத்தில் திறந்து வைத்தால் கெட்டியாகிவிடும். பிறகு டப்பாவோடு வாளிப் பொருட்களுடன் கொடுக்கலாம். கொசு மருந்து, சென்ட் ஸ்ப்ரே டப்பாக்களைத் துளைக்கவும் கூடாது, போகியில் போடவும் கூடாது. வெடிக்கும்.

காஸ் சிலிண்டர் உங்கள் சொத்து இல்லை, எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. பழைய இரும்புக்குப் போடுவது குற்றம், ஆபத்தும்கூட. இணைப்புப் பத்திரம், ரெகுலேட்டரோடு ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்ப வரும். அன்றைக்குக் கட்டியது எவ்வளவோ அவ்வளவுதான் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா கட்டியது சில நூறு ரூபாய்.

சாமி படங்கள்

இதற்குத்தான் எல்லா வீட்டிலும் தயங்குகிறார்கள். கண்ணாடி உடைந்த முருகன், பூச்சி அரித்த லட்சுமி, மூன்று வருடக் காலண்டர் பிள்ளையார். குப்பையில் போட மனசு வராமல் அரச மரத்தடியில் சாய்த்துவிட்டு வருகிறோம். நாலு நாளில் கண்ணாடி உடைந்து அங்கே சுற்றிவருகிறவர்கள் காலில் ஏறுகிறது. கோயில் குளத்தில் போட்டால் இன்னும் மோசம்.

அம்மாவிடம் கேட்டேன். "விளக்கேத்தி ஒரு நமஸ்காரம் பண்ணிட்டுப் பிரிச்சுடு, அதுக்கப்புறம் அது வெறும் காகிதம்தான்" என்றாள். அப்படியே செய்தோம். பின்பக்க ஆணியை நெம்பினால் சட்டம், கண்ணாடி, அட்டை, படம் என்று நான்காகப் பிரிந்துவிடும். மரச்சட்டத்தைப் படம் மாட்டும் கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்ணாடியைப் பல சுற்றுச் செய்தித்தாளில் சுற்றி, 'உடைந்த கண்ணாடி' என்று எழுதித் தனியாகக் கையில் கொடுத்தோம். சாதாரணக் காகிதப் படங்களை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கினோம். பளபளப்பான பிளாஸ்டிக் பூச்சு உள்ளவை ஊறாது. அவற்றை மட்டும் வெள்ளைத்தாளில் சுற்றி உலர் குப்பையில் வைத்தோம். பித்தளை விக்ரகம் என்றால் பாத்திரக்கடையில் உருக்கக் கொடுத்துவிடலாம்.

கொலு பொம்மையில் காகிதக்கூழில் செய்தது மூன்று நாளில் கரைந்துவிட்டது. சுட்ட மண் கரையவே கரையாது, பிளாஸ்டர் பொம்மையும் லேசில் கரையாமல் அடியில் கட்டியாகத் தங்கும். அவற்றில் உடையாதவற்றை அடுத்த தெரு பள்ளிக்கூடத்தில் கொலுப்படிக்கு வாங்கிக்கொண்டார்கள். கரைந்த கூழை மொட்டைமாடி செம்பருத்தித் தொட்டியில் ஊற்றினோம். கீரைத் தொட்டிக்கு வேண்டாம், பழைய பொம்மைகளின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம்.